பழைய வீட்டை இடிக்கும்போது கழிவுக்கு யார் பொறுப்பு? சென்னையில் மாறிவரும் நடைமுறை பற்றி ஒரு கேள்வி

கேள்வி கேட்டவர்: நங்கநல்லூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாமனார் 1978-இல் நங்கநல்லூரில் கட்டிய வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் நான்கு குடியிருப்புகள் கொண்ட புதிய கட்டடம் ஒன்றை எழுப்ப இருக்கிறோம். பழைய வீட்டின் தரைத்தளம் 1,200 சதுர அடி, மாடி 800 சதுர அடி. செங்கல் சுவர், காங்கிரீட் தளம், மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தட்டோட்டுத் தளம், தேக்கு நிலைகளும் சன்னல்களும் கொண்ட வீடு. பின்பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கொட்டகை ஒன்றும் இருக்கிறது. புதிய கட்டடம் ஏறக்குறைய 5,000 சதுர அடியாக வரும்.

இடிக்கும் வேலைக்கு மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்டோம். மூவரின் கடிதத்திலும் "கழிவை அப்புறப்படுத்துவது எங்கள் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை. நேரில் கேட்டபோது, அது வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டிய விஷயமில்லை என்றே மூவரும் சொன்னார்கள். ஆனால் கட்டடக் கழிவு தொடர்பாக மாநகராட்சி 2025-இல் புதிய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருப்பதாகவும், மத்திய அரசும் 2016-ஆம் ஆண்டு விதிகளை மாற்றி எழுதியிருப்பதாகவும் செய்திகளில் படித்தேன். எங்களைப் போன்ற ஒற்றை வீட்டுக்காரர்களுக்கு இவற்றில் எது பொருந்தும் என்பது விளங்கவில்லை.

ஒப்பந்ததாரர் ஏரிக்கரையில் கொட்டினால் கேள்வி யாரிடம் வரும்? எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு கழிவு வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க வழி உண்டா? அந்தக் கழிவில் ஒரு பகுதியையாவது எங்கள் புதிய கட்டடத்திலேயே பயன்படுத்தலாமா? மறுசுழற்சி ஆலையில் உருவாகும் ஜல்லியும் கற்களும் நம்பத்தகுந்தவையா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தூக்குக்குண்டு

அம்மா, வணக்கம். நான் கட்டமைப்புப் பொறியாளர். சட்டத்தின் எந்தப் பிரிவு உங்களைத் தொடும் என்பது கழிவின் அளவைப் பொறுத்தது என்பதால், அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய அரசின் கீழ் இயங்கும் டைஃபாக் என்ற தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு 2001-இல் தந்த கணக்கைத்தான் பலரும் இன்றுவரை எடுத்தாளுகிறார்கள். அதன்படி ஒரு சதுர மீட்டர் கட்டடத்தை இடித்தால் 300 முதல் 500 கிலோ கழிவும், ஒரு சதுர மீட்டர் புதிதாகக் கட்டினால் 40 முதல் 60 கிலோ கழிவும் சேரும். உங்கள் பழைய வீட்டின் 2,000 சதுர அடி என்பது 186 சதுர மீட்டர். ஆகவே 56 டன்னிலிருந்து 93 டன் வரை எதிர்பார்க்கலாம். உங்களுடையது முழுக்கச் செங்கல் கட்டடம் என்பதால் மேல் எல்லைக்கு அருகில்தான் வரும் என்று நினைக்கிறேன். மூன்று யூனிட் (300 கன அடி) கொள்ளும் டிப்பர் ஒன்றில் உதிரி இடிபாடு ஏறத்தாழ 11 டன் ஏறும் என்று கொண்டால், எட்டு ஒன்பது நடை ஆகும். நல்ல செங்கல்லைப் பிரித்து விற்றுவிட்டால் நடை குறையும். புதிய கட்டடத்தின் வேலை நடக்கும்போது தனியாக 19 முதல் 28 டன் வரை சேரும். இந்தப் பகுதியைப் பெரும்பாலானவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, சிமெண்ட் பை என்று அது சிறிது சிறிதாகத் தெருவோரத்தில் ஒதுங்கிவிடுகிறது.

இனி பொறுப்பைப் பற்றி. 2016 மார்ச் 29 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய விதிகள், கழிவைச் சேகரிப்பதும் பிரிப்பதும் பாதுகாத்து வைப்பதும் முதன்மையாக அதை உண்டாக்குபவரின் பொறுப்பு என்றே சொன்னன. ஒப்பந்ததாரரின் கடிதத்தில் உள்ள அந்த ஒற்றை வரி உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு மட்டுமே. கட்டட அனுமதி உங்கள் பெயரில் இருக்கும்வரை மாநகராட்சியின் கடிதம் உங்கள் முகவரிக்குத்தான் வரும். அதே விதிகளில் வீட்டுக்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒரு வரம்பும் இருந்தது. ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன்னோ அதற்கு மேலோ கழிவை உண்டாக்குபவர்கள் காங்கிரீட், மண், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே திட்டம் ஒன்றைக் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதலையும் பெற வேண்டும். முந்நூறு டன் என்பதைப் பார்த்ததும் இது அடுக்குமாடிக்காரர்களுக்கான விதி என்று பலர் நினைத்துவிட்டார்கள். கடப்பாரையும் சம்மட்டியுமாக ஒரு மாதம் இடித்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இன்று ஹிட்டாச்சி இயந்திரம் ஒன்று உங்கள் வீட்டை மூன்று நாளில் தரைமட்டமாக்கிவிடும். அப்படியானால் நாளொன்றுக்கு 20 டன் என்ற வரம்பைச் சாதாரணத் தனிவீடே தாண்டிவிடும்.

2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று குறிக்கப்பட்ட புதிய மத்திய விதிகள் இதே திசையில் இன்னும் ஒரு படி செல்கின்றன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்களின் உரிமையாளர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து, தங்கள் கழிவு மறுசுழற்சிக்குப் போனதற்கான சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். உங்கள் கட்டடம் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. சிறு வீடுகளின் கழிவைத் திரட்டி ஆலைக்கு அனுப்பும் வேலை முன்போலவே மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது.

சென்னை மாநகராட்சியின் நெறிமுறைகள் 2025 ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு வைப்பது, தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்பது, வண்டியைத் தார்ப்பாய் கொண்டு மூடி எடுத்துச் செல்வது போன்றவை அதில் அடங்கும். மீறினால் பரப்பைப் பொறுத்து 10,000 ரூபாயில் தொடங்கி, 20,000 சதுர மீட்டரைத் தாண்டிய பணியிடங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கழிவைப் பதப்படுத்தப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கையாளும் ஆலைகள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பெருங்குடி. 1913 என்ற எண்ணிலோ "நம்ம சென்னை" செயலியிலோ பதிவுசெய்து, ஆலந்தூர் மண்டல அலுவலகத்தில் உங்கள் அளவுக்கான அன்றைய கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை தெரியாமல் மூன்று ஒப்பந்ததாரர்களின் விலைகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. மற்ற இருவரைவிட மிகவும் குறைவாகக் கேட்பவர் எந்தச் செலவைத் தவிர்க்கப் போகிறார் என்பதை அந்தத் தொகையே உங்களுக்குக் காட்டிவிடும்.

மறுமொழி 2: நிலைவாசல்

பொறியாளர் ஐயா எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் பணம் எப்படிப் புரள்கிறது என்பது தெரியாமல் ஒப்பந்தம் எழுதினால் அது காகிதத்தோடு நின்றுவிடும். எங்கள் குடும்பம் பழைய வீடுகளை இடித்துச் சாமான் வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறது.

அம்மா, உங்கள் வீட்டில் எங்களுக்கு லாபம் தருபவை தேக்கு நிலைகள், சன்னல்கள், இரும்புக் கம்பி, உடையாத செங்கல், மின்கம்பிச் செம்பு ஆகியவைதான். இவற்றின் மதிப்பை முதலில் கணித்து, அதிலிருந்து ஆள் கூலியையும் இயந்திர வாடகையையும் கழித்துத்தான் விலை சொல்கிறோம். மரமும் கம்பியும் மிகுதியாக உள்ள வீடாக இருந்தால் நாங்களே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து இடித்துக்கொள்வதும் உண்டு. இந்தக் கணக்கில் கழிவு வண்டி கடைசியாக வருகிறது. அதில் மிச்சப்படும் ஒவ்வொரு ரூபாயும் நேரே லாபம் என்பதால், யாராவது பள்ளமான மனையை மேடாக்க இடிபாடு கேட்டால் வண்டி அங்கேதான் போகும். கேட்பவர் லோடுக்குக் காசும் கொடுப்பார். ஒரு பக்கம் ஆலைக்குக் கட்டணம் செலுத்த வேண்டும், மறுபக்கம் பள்ளம் வைத்திருப்பவர் நமக்குக் கொடுக்கிறார் என்றால், வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தென்சென்னையில் அப்படி நிரப்பப்பட்ட பள்ளங்களில் எத்தனை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக இருந்தன என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு கண்காணிப்பு கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பள்ளம் தேடுபவர்கள் குறையவில்லை. இன்னும் தள்ளிப் போயிருக்கிறார்கள், அவ்வளவே.

ஓட்டுநர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பகலில் கனரக வண்டிகளுக்கு நகரச் சாலைகளில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. வாடகை நடைக்கணக்கில் கிடைக்கிறது. எடைமேடையில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆலையில் பிளாஸ்டிக்கும் குப்பையும் கலந்திருப்பதாகச் சொல்லிச் சுமையைத் திருப்பி அனுப்பினால் அந்த நடை முழுவதும் நட்டம். ஆகவே "ஆலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். கழிவு வண்டிக்கான தொகையை இடிக்கும் கூலியிலிருந்து தனியாகப் பிரித்து, ஆலையின் எடைச்சீட்டைக் காட்டினால் மட்டுமே அந்தத் தொகை கிடைக்கும் என்று வையுங்கள். பழைய சாமானுக்கான பேரத்தையும் அதோடு கலக்காதீர்கள். இரண்டும் கலந்தால் எங்கள் தொழிலில் எவரும் எடைச்சீட்டைக் கண்ணிலும் காட்ட மாட்டார்.

மறுமொழி 3: கடல்கடந்த தஞ்சாவூரான்

நிலைவாசல் அவர்கள் சொன்ன எடைச்சீட்டு யோசனையைத்தான் ஹாங்காங் நகரம் முழுவதும் ஒரே முறையாக நடத்துகிறது. நான் அங்கே கட்டுமான நிறுவனம் ஒன்றில் செலவுக் கணக்குப் பார்க்கிறேன் என்பதால், அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

அங்கே 2005 டிசம்பர் 1 அன்று கட்டுமானக் கழிவுக்கான கட்டணத் திட்டம் தொடங்கி, 2006 ஜனவரி 20 முதல் கட்டணம் வாங்கப்பட்டது. பத்து லட்சம் ஹாங்காங் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒப்பந்தத்தை எடுத்த முதன்மை ஒப்பந்ததாரர், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறையில் அந்தப் பணிக்கென்றே ஒரு கணக்கைத் திறந்தாக வேண்டும். அதற்குக் குறைந்த வேலைகளுக்கு வீட்டுக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம். ஒவ்வொரு வண்டியும் அந்தக் கணக்கின் பெயரில் அமைந்த சீட்டோடு வந்து எடைமேடையில் ஏற வேண்டும். சீட்டில்லாத வண்டிக்கு உள்ளே இடமில்லை. பணம் கணக்கு வைத்திருப்பவரிடமிருந்து நேரே போவதால், லாரிக்காரர் வழியில் வேறெங்கும் கொட்டி மிச்சம் பிடிப்பதில் அவருக்கு ஆதாயம் குறைவு.

இதைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது கட்டணத்தின் அடுக்கு. கல், காங்கிரீட், செங்கல், மண் என முழுவதும் மக்காத, வேதிமாற்றம் அடையாத பொருளாக இருந்தால் அதைக் கடலோர நிரப்புப் பணிக்கான கிடங்கு ஏற்றுக்கொள்ளும். 2017 ஏப்ரல் 7 முதல் அதற்கு டன்னுக்கு 71 ஹாங்காங் டாலர். எடையில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட பொருளாக இருந்தால் பிரிப்பு நிலையத்துக்குப் போகலாம், 175 டாலர். பாதியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் குப்பைக்குழிதான், 200 டாலர். 2006-இல் இந்த மூன்றும் 27, 100, 125 ஆக இருந்தன. ஒரே கட்டணமாக இருந்திருந்தால் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் செலவு ஒன்றுதான் என்று எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அள்ளிப் போட்டிருப்பார்கள். 71-க்கும் 200-க்கும் உள்ள இடைவெளிதான் மேஸ்திரியை மரத்தையும் பிளாஸ்டிக்கையும் தனியே ஒதுக்க வைக்கிறது. பிரிப்பு நிலையத்தின் வாசலில் சுமையைக் கொட்டிக் கிளறிப் பார்க்க நேரம் இருக்காது என்பதால், வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கும் சுமையின் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு அதில் எவ்வளவு கல்லும் மண்ணும் இருக்கும் என்று முடிவு செய்கிறார்கள். எளிய முறைதான், ஆனாலும் வாசலில் வாக்குவாதத்தைக் குறைக்கிறது.

ஆனால் இதில் மயங்கிவிடவும் கூடாது. இடப்பற்றாக்குறையால் ஹாங்காங் தன் உபரி நிரப்புமண்ணை 2007 முதல் குவாங்டாங் மாநிலத்தின் தைஷான் பகுதிக்குப் படகில் ஏற்றி அனுப்பிவருகிறது. சாங் குவான் ஓ குப்பைக்குழி 2016 ஜனவரியிலிருந்து கட்டுமானக் கழிவை மட்டுமே வாங்குகிறது. கட்டணத்தைத் தவிர்க்கச் சாலையோரத்திலும் நகருக்கு வடக்கே உள்ள நியூ டெரிட்டரீஸ் பகுதிக் கிராமங்களின் தரிசு நிலத்திலும் கொட்டுவது இன்றும் தொடர்கிறது. அதற்காகக் கேமராக்கள் வைத்துப் பிடிக்கிறார்கள். வீட்டு உட்புற வேலைகளிலிருந்து வரும் சிறு அளவுக் கழிவு, பெரிய இரும்புத் தொட்டிகளில் நாள்கணக்கில் தெருவை அடைத்துக்கொண்டு கிடப்பது அங்கே தீராத புகார். பெரிய பணிகளை ஒழுங்குபடுத்த முடிந்த அளவுக்கு, அலமாரியையும் குளியலறையையும் மாற்றும் ஆயிரக்கணக்கான சிறு வேலைகளை அங்கேயும் ஒழுங்குபடுத்த முடியவில்லை.

மறுமொழி 4: சல்லடை

மறுசுழற்சி ஜல்லியை நம்பலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். காங்கிரீட் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 என்ற தரம் 2016-இல் திருத்தப்பட்டபோது, இடிபாட்டிலிருந்து பெறும் ஜல்லிக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. அது இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கிறது. காங்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், கம்பி போட்ட காங்கிரீட்டில், வலிமையைக் காட்டும் தரக்குறியீட்டில் எம்25 வரையிலான கலவைகளில் 20 விழுக்காடு வரையிலும், எம்15-க்குக் கீழ்ப்பட்ட மெலிந்த கலவைகளில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். செங்கல்லும் காரையும் ஓடும் கலந்த இடிபாட்டிலிருந்து பெற்ற ஜல்லியை அந்த மெலிந்த கலவைகளில் மட்டுமே சேர்க்கலாம். உங்கள் வீட்டில் பெரும்பகுதி செங்கல்லும் காரையும் என்பதால் அது இரண்டாவது வகையில்தான் விழும். தளத்தின் காங்கிரீட்டை மட்டும் தனியே உடைத்துத் தனி வண்டியில் அனுப்பினால் முதல் வகைக்கு வழி உண்டு. சுவரின் மீது தளத்தைச் சாய்த்து இயந்திரத்தால் ஒன்றாக நொறுக்கிவிட்டால், பிறகு எந்த ஆலையாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கழிவின் தரம் ஆலையின் வாசலுக்கு வரும் முன்பே உங்கள் மனையில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை இடிப்பவர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

ஆலைக்குள் நடப்பது இதுதான். எடைபோட்ட சுமையைக் கொட்டி, மரம், துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றை ஆட்கள் கையால் பொறுக்குகிறார்கள். கம்பிச் சல்லடையில் மண்ணைப் பிரித்து, தாடை போன்ற இயந்திரத்தில் கல்லை உடைக்கிறார்கள். காந்தத்தைக் கொண்டு கம்பித் துண்டுகளை இழுத்துவிட்டு, அளவு வாரியாகச் சலிக்கிறார்கள். ஈர முறையில் இயங்கும் ஆலைகளில் கழுவும் கட்டமும் உண்டு. தில்லியின் புராரியில் 2009-இல் தொடங்கிய ஆலைதான் நாட்டில் முதலாவது. அங்கே உருவாகும் நடைபாதைக் கற்களும் சாலையோர விளிம்புக் கற்களும் தில்லியின் தெருக்களில் பரவலாகப் பயன்படுகின்றன.

மறுசுழற்சி ஜல்லியில் பழைய காரை ஒட்டியிருப்பதால் அது புதிய கருங்கல் ஜல்லியைவிட அதிகத் தண்ணீரைக் குடிக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் மேஸ்திரி வழக்கமான அளவில் தண்ணீர் ஊற்றினால் கலவை இறுகிப்போகும். உடனே அவர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார், வலிமை குறையும். தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் இதைச் சோதித்துப் பார்க்க வீடு கட்டும் குடும்பம் முன்வர வேண்டியதில்லை. தரைக்கு அடியில் போடும் மெலிந்த காங்கிரீட், சுற்றுச்சுவரின் அடிப்படுகை, வாகனம் நிறுத்துமிடத்தின் நடைபாதைக் கற்கள் ஆகியவற்றுக்குத் தயக்கமில்லாமல் வாங்கலாம். நடைபாதைக் கல்லாக இருந்தால் அழுத்த வலிமைச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆலைக் கல்லுக்கு மட்டுமன்றி எந்தக் கடையில் வாங்கும் கல்லுக்கும் அதைக் கேட்பது நல்லது.

கேள்வி கேட்டவர்: நங்கநல்லூர் வாசகி

நால்வருக்கும் நன்றி. இடிக்கும் கூலி, பழைய சாமானின் விலை, கழிவு வண்டிக்கான தொகை என மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு மறுபடியும் விலைக்கடிதம் வாங்கப் போகிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. எங்கள் தெரு மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெரு என்பதால் பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்த இருக்கிறோம். அதை நிரப்பக் கிராவல் வாங்குவதற்குப் பதிலாக எங்கள் இடிபாட்டையே போட்டுக்கொள்ளலாமா? ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதையும் மற்ற கழிவோடு அனுப்பலாமா?

மறுமொழி 5: தூக்குக்குண்டு

பேஸ்மட்டத்தை உங்கள் இடிபாட்டைக் கொண்டு நிரப்பலாம். ஒரு டன் கழிவு மனையை விட்டு வெளியே போகாமல் இருந்தால் வண்டிச் செலவும் இல்லை, கிராவல் செலவும் இல்லை. ஆனால் கண்டதையெல்லாம் தள்ளி மூடிவிடும் வழக்கத்தில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. பெரிய துண்டுகளுக்கு இடையே பொந்துகள் விழுந்து, சில ஆண்டுகளில் தரை உட்காரும். மரத்துண்டுகள் கலந்திருந்தால் கரையான் உங்கள் வீட்டுக்கு அடியிலேயே குடியேறும். கண்ணாடியும் கம்பியும் பின்னாளில் குழாய்க்காகத் தோண்டுபவரின் கையைக் கிழிக்கும். ஆகவே செங்கல்லும் காரையும் மட்டும் கொண்ட சுத்தமான இடிபாட்டைத் தனியே ஒதுக்கி, கைக்குள் அடங்கும் அளவுக்கு உடைத்து, பொந்துகளை அடைக்க மணலோ குவாரித் தூளோ கலந்து, 15 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காகப் பரப்பித் தண்ணீர் விட்டு இயந்திரத்தால் திமிசு போடச் சொல்லுங்கள். மேல் அடுக்குக்குக் கிராவலே இருக்கட்டும். கரையான் மருந்தைத் தரைக் காங்கிரீட் போடும் முன் அடித்துவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எக்காரணம் கொண்டும் மற்ற இடிபாட்டோடு கலக்கக் கூடாது. முழுத் தகடாக இருக்கும்வரை அதன் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலும் அறுத்தாலும்தான் நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகிறது. அது ஆலைக்குப் போனால் உடைக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளர்கள் சுவாசிப்பார்கள். அந்த நார் கலந்த ஜல்லியை யார் வாங்கினாலும் பிறகு பிரிக்க வழியில்லை. தகட்டைத் தண்ணீரால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் கைமாற்றிக் கீழே இறக்க வேண்டும். இறக்குபவர்கள் சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போட வேண்டும். இறக்கிய தகடுகளைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இன்ன பொருள் என்று மேலே எழுதி, மனையின் ஒரு மூலையில் தனியே வையுங்கள். கட்டணம் கேட்கப் போகும் அன்றே மண்டலப் பொறியாளரிடம் இதற்கும் ஒரு கடிதம் கொடுத்து, எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும் தகட்டை யாராவது மாட்டுக் கொட்டகைக்குக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் அவர்கள் அதை அறுத்துத்தான் பொருத்துவார்கள்.

ஒப்பந்தத்தில் வேலையின் வரிசையையும் எழுதிவிடுங்கள். முதலில் கொட்டகைத் தகடு, அடுத்து மரமும் மின்கம்பியும் குழாய்களும், பிறகு மொட்டைமாடியின் சுண்ணாம்புத் தளம், அதன்பின் காங்கிரீட் தளம், கடைசியாகச் சுவர். இயந்திரக்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தட்டிவிடத்தான் அவர் பார்ப்பார். தகடும் மரமும் கீழே இறங்கி முடியும்வரை ஹிட்டாச்சியை மனைக்குள் விட வேண்டாம்.